பொதுச் சுகாதாரத்தைச் சார்ந்த சிறு மருத்துவக் கருவி நிறுவனங்களில் முதலீடு

பொதுச் சுகாதாரத்தைச் சார்ந்த சிறு மருத்துவக் கருவி நிறுவனங்களில் முதலீடு என்பது, தம் வருவாயின் பெரும்பகுதியை அரசு நிதியில் இயங்கும் மருத்துவமனைகளிடமிருந்து பெறும் சிறிய உற்பத்தி நிறுவனங்களின் பங்குகளை வாங்கி வைத்திருப்பதைக் குறிக்கும். இவ்வகை நிறுவனங்கள் பல நாடுகளில் உள்ளன. எனினும் ஐக்கிய இராச்சியத்தில் தேசிய சுகாதார சேவை என்னும் மிகப் பெரிய பொது நுகர்வோரும், சிறு நிறுவனங்களுக்கென அமைந்த பங்குச் சந்தை ஒன்றும் அருகருகே இருப்பதால், இம்முதலீட்டின் இயல்பை அறிய அந்நாடு தெளிவான களமாக விளங்குகிறது. இக்கட்டுரை அந்நாட்டு நிலையையே, சிறப்பாக டெல்டெக்ஸ் மெடிக்கல் என்னும் நிறுவனத்தின் பட்டறிவைக் கொண்டு விளக்குகிறது.

இத்துறையில் அடிக்கடி கவனிக்கத் தவறும் உண்மை ஒன்று உண்டு. ஒரு கருவி பயனுள்ளது என்று அரசு அமைப்பு ஏற்பதும், அக்கருவியை மருத்துவமனைகள் வாங்கி நாள்தோறும் பயன்படுத்துவதும் இரு வேறு நிகழ்வுகளாகும். முதலாவது நிகழ்ந்தபின் இரண்டாவது நிகழப் பல ஆண்டுகள் ஆகலாம். நிகழாமலே போகவும் கூடும். அந்த இடைவெளியில் நிறுவனத்தின் கையிருப்புப் பணம் தீருமா, தீராதா என்பதே பெரும்பாலும் முதலீட்டின் முடிவைத் தீர்மானிக்கிறது.

பின்புலம்

தேசிய சுகாதார சேவை

தேசிய சுகாதார சேவை 1948ஆம் ஆண்டு சூலை 5ஆம் நாள் தொடங்கப்பட்டது. இது பெரும்பாலும் வரிப்பணத்தில் இயங்குகிறது. நோயாளிகள் சிகிச்சை பெறும்போது பொதுவாகக் கட்டணம் செலுத்துவதில்லை. வெளியிலிருந்து பார்ப்போருக்கு இது ஒரே வாங்குநர் போலத் தோன்றும். நடைமுறையில் அவ்வாறில்லை. இங்கிலாந்து, இசுக்கொட்லாந்து, வேல்சு, வட அயர்லாந்து ஆகிய நான்கிலும் இச்சேவை தனித்தனியே நிருவகிக்கப்படுகிறது. இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 200 தனித்தனி மருத்துவமனை அமைப்புகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் சொந்த வரவு செலவுத் திட்டமும், கொள்முதல் பிரிவும், எந்தக் கருவியை ஏற்பது என முடிவு செய்யும் குழுக்களும் உண்டு.

ஒரு மருத்துவமனைக்குள்ளும் பணப்பைகள் பலவாகும். அறுவை அரங்கின் செலவுக் கணக்கு ஒருவரிடமும், படுக்கைப் பிரிவின் செலவுக் கணக்கு வேறொருவரிடமும், கருவிகளுக்கான மூலதனச் செலவு மற்றொருவரிடமும் இருக்கும். எனவே அறுவை அரங்கில் 100 பவுண்டு செலவழித்தால் படுக்கைப் பிரிவில் 1,000 பவுண்டு மிச்சமாகும் என்று மெய்ப்பிக்கப்பட்டாலும், அந்த 100 பவுண்டைக் கொடுக்க வேண்டியவருக்கு அதனால் நேரடி நன்மை இல்லை. மேலும், ஒரு நோயாளி இரண்டு நாள் முன்னதாக வீடு திரும்பினால் ஒரு படுக்கை காலியாகிறதே தவிர, பணமாக எதுவும் கைக்கு வருவதில்லை. செவிலியர் ஊதியமும் கட்டடச் செலவும் அப்படியே இருக்கும். காலியான படுக்கையில் அடுத்த நோயாளி சேர்க்கப்படுவார்.

மாற்று முதலீட்டுச் சந்தை

மாற்று முதலீட்டுச் சந்தை இலண்டன் பங்குச் சந்தையின் ஒரு பிரிவாக 1995ஆம் ஆண்டு சூனில் தொடங்கப்பட்டது. முதன்மைச் சந்தையைவிட இதன் விதிகள் தளர்வானவை. நீண்ட கால வணிக வரலாறோ, பொதுமக்களிடம் குறிப்பிட்ட விழுக்காடு பங்குகள் இருக்க வேண்டும் என்ற கட்டாயமோ இங்கு இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் நியமன ஆலோசகர் ஒருவரை எப்போதும் வைத்திருக்க வேண்டும். அவர் விலகி, குறித்த காலத்துக்குள் வேறொருவர் அமையாவிட்டால் நிறுவனம் சந்தையிலிருந்து நீக்கப்படும்.

இங்குள்ள சிறு நிறுவனங்களின் பங்குகள் நாளொன்றுக்கு மிகக் குறைந்த அளவிலேயே கைமாறுகின்றன. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான வேறுபாடு பெரிதாக இருக்கும். வாங்கிய மறுகணமே விற்றாலும் பத்தில் ஒரு பங்கு இழப்பு ஏற்படுவது இத்தகைய பங்குகளில் அரிதன்று.

பிரித்தானிய அரசு இவ்வகை முதலீட்டுக்கு வரிச் சலுகைகள் அளித்து வந்துள்ளது. 1994இல் தொடங்கப்பட்ட தொழில் முதலீட்டுத் திட்டத்தின்கீழ், தகுதி பெற்ற நிறுவனம் புதிதாக வெளியிடும் பங்குகளை வாங்கி மூன்று ஆண்டுகள் வைத்திருப்போர், முதலீட்டுத் தொகையில் ஒரு விழுக்காட்டை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். 2011 முதல் இச்சலுகை 30 விழுக்காடாக உள்ளது. இது புதிய பங்குகளுக்கு மட்டுமே பொருந்தும். சந்தையில் பிறரிடமிருந்து வாங்கும் பங்குகளுக்குப் பொருந்தாது. இதனால் ஒரே நிறுவனத்தின் பங்கை ஒரே விலைக்கு வாங்கிய இருவரில் ஒருவரின் உண்மையான அடக்கவிலை மற்றவருடையதைவிடக் குறைவாக இருக்கக்கூடும்.

வருவாய் முறை

சிறு மருத்துவக் கருவி நிறுவனங்கள் பலவும் சவரக்கத்தி முறை எனப்படும் வணிக முறையைப் பின்பற்றுகின்றன. கைப்பிடியை மலிவாகக் கொடுத்து, அலகுகளைத் தொடர்ந்து விற்பது போல, விலையுயர்ந்த கருவியைக் குறைந்த விலைக்கோ கடனாகவோ மருத்துவமனையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு நோயாளிக்கும் தேவைப்படும் ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருளை விற்று வருவாய் ஈட்டுவதே இம்முறையாகும்.

இதில் மொத்த இலாப விகிதம் உயர்வாக இருக்கும். ஒரு பொருளை உருவாக்க ஆகும் செலவு விற்பனை விலையில் சிறு பங்கே ஆகும். ஆனால் மருத்துவமனைகளுக்குச் சென்று பயிற்சி அளிக்கும் ஊழியர்களின் செலவு, ஆய்வுச் செலவு, உரிமச் செலவு ஆகியவை விற்பனை குறைந்தாலும் குறையா. ஆகையால் இலாபமும் இழப்பும் ஒரே ஓர் எண்ணில் தங்கியுள்ளன. நிறுவப்பட்ட ஒவ்வொரு கருவிக்கும் மாதந்தோறும் எத்தனை ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருட்கள் செலவாகின்றன என்பதே அந்த எண்ணாகும். எடுத்துக்காட்டாக, மாதம் 40 பொருட்களைப் பயன்படுத்தும் 100 கருவிகள், மாதம் 5 பொருட்களைப் பயன்படுத்தும் 500 கருவிகளைவிட அதிக வருவாய் தரும். ஆனால் நிறுவன அறிக்கைகளின் தலைப்பில் பெரும்பாலும் இடம்பெறுவது இரண்டாவது வகை எண்ணிக்கையே.

டெல்டெக்ஸ் மெடிக்கல்

கருவி

இங்கிலாந்தின் தென்கரையோர நகரான சிச்செசுட்டரில் அமைந்த டெல்டெக்ஸ் மெடிக்கல், உணவுக்குழாய் டாப்ளர் கண்காணிப்புக் கருவியை உற்பத்தி செய்து வந்த நிறுவனமாகும். இது 2002இல் மாற்று முதலீட்டுச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. இம்முறையின் மருத்துவ ஆய்வுகளில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த தீவிர சிகிச்சைப் பேராசிரியர் மெர்வின் சிங்கர் முன்னோடியாவார்.

அறுவைச் சிகிச்சையின்போது நோயாளியின் வாய் அல்லது மூக்கு வழியாக மெல்லிய உணரி ஒன்று உணவுக்குழாயினுள் செலுத்தப்படும். உணவுக்குழாயை ஒட்டிப் பெருந்தமனி கீழிறங்கிச் செல்வதால், உணரி அனுப்பும் மீயொலி அலைகள் குருதியில் பட்டுத் திரும்பும்போது ஏற்படும் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு குருதியோட்டத்தின் வேகத்தை அளக்க முடிகிறது. நோயாளியின் வயது, உயரம், எடை ஆகியவற்றையும் சேர்த்து, இதயம் ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் குருதியின் அளவு மதிப்பிடப்படும்.

மயக்கவியல் மருத்துவர் சிறிதளவு நீர்மத்தை நரம்புவழி செலுத்திவிட்டு இவ்வளவைக் கவனிப்பார். அது 10 விழுக்காடோ அதற்கு மேலோ உயர்ந்தால் உடலுக்கு மேலும் நீர்மம் தேவை என்றும், உயராவிட்டால் போதுமானது என்றும் கொள்ளப்படும். நீர்மம் குறைந்தாலும் மிகுந்தாலும் அறுவைக்குப் பின் சிக்கல்கள் ஏற்படலாம் என்பதே இம்முறையின் அடிப்படை. கண்காணிப்புக் கருவி பல ஆண்டுகள் உழைக்கும். உணரியோ ஒரு நோயாளிக்கு மட்டுமே உரியது. நிறுவனத்தின் வருவாய் பெரும்பாலும் உணரி விற்பனையிலேயே தங்கியிருந்தது.

தொடக்க காலச் சான்றுகள்

1990களிலும் 2000களிலும் வெளிவந்த சிறிய ஆய்வுகள் ஊக்கம் தருவனவாக இருந்தன. 1997இல் இடுப்பெலும்பு முறிவுற்ற 40 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், இம்முறையில் நீர்மம் பெற்றோர் விரைவாக வீடு திரும்பினர். 2002இல் அமெரிக்காவில் 100 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், மருத்துவமனையில் தங்கும் காலம் சராசரியாக 7 நாட்களிலிருந்து 5 நாட்களாகக் குறைந்தது. 2007இல் அமெரிக்க முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிக்கேர் இதற்குக் கட்டணம் வழங்க ஏற்றுக்கொண்டது.

நைஸ் வழிகாட்டல்

மருத்துவ முறைகளை மதிப்பிடுவதற்காக 1999இல் உருவாக்கப்பட்ட நைஸ் என்னும் பிரித்தானிய அரசு அமைப்பு, 2011ஆம் ஆண்டு மார்ச்சில் இக்கருவிக்கு ஆதரவான வழிகாட்டலை வெளியிட்டது. மருத்துவத் தொழில்நுட்பங்களுக்கென அவ்வமைப்பு தொடங்கிய வரிசையில் இது மூன்றாவதாகும். பெரிய அல்லது இடர்மிக்க அறுவைச் சிகிச்சைகளில் இக்கருவியைப் பயன்படுத்துவது பற்றிக் கருத வேண்டும் என்றும், மைய நாளக் குழாய்க்கு மாற்றாகப் பயன்படுத்தினால் நோயாளி ஒருவருக்கு ஏறத்தாழ 1,100 பவுண்டு மிச்சமாகும் என்றும் அது கூறியது.

இங்கு ஒரு சட்ட நுணுக்கம் குறிப்பிடத்தக்கது. புதிய மருந்துகளுக்கு நைஸ் வழங்கும் தொழில்நுட்ப மதிப்பீட்டுப் பரிந்துரை கட்டுப்படுத்தும் தன்மையுடையது. 2002 முதல் அத்தகைய பரிந்துரை பெற்ற மருந்துக்குக் குறித்த காலத்துக்குள் நிதி ஒதுக்குவது சட்டக் கடமையாகும். மருத்துவத் தொழில்நுட்ப வழிகாட்டலுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. இரண்டையும் வெளியிடுவது ஒரே அமைப்பு; ஆனால் ஒன்று கட்டளை, மற்றொன்று அறிவுரை. மருந்து நிறுவனங்களின் பட்டறிவைக் கொண்டு கருவி நிறுவனங்களின் எதிர்காலத்தைக் கணித்தவர்கள் இவ்வேறுபாட்டைக் காணத் தவறினர்.

2011 முதல் 2013 வரை

2011 திசம்பரில் வெளியான புத்தாக்கம், நலம், செல்வம் என்ற பொருள்படும் தலைப்புடைய அரசு அறிக்கை, தேசிய சுகாதார சேவை முழுவதும் பரவலாக்க வேண்டிய ஆறு புத்தாக்கங்களைப் பட்டியலிட்டது. உணவுக்குழாய் டாப்ளர் கண்காணிப்பு அவற்றுள் ஒன்று. சில மில்லியன் பவுண்டு ஆண்டு வருவாய் கொண்ட ஒரு நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் கிடைப்பது அரிது. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான நோயாளிகளுக்கு இம்முறை பயன்படும் என்ற மதிப்பீடுகளும் வெளிவந்தன.

எனினும் அவ்வறிக்கை டாப்ளர் கண்காணிப்பை மட்டும் குறிப்பிடவில்லை. அல்லது அதையொத்த நீர்மக் கண்காணிப்புத் தொழில்நுட்பம் என்ற பொருளிலும் வாசகம் அமைந்திருந்தது. டாப்ளர் முறைக்குரிய சான்றுகளால் திறந்த கதவு வழியாகப் பிற முறைகளைக் கொண்ட போட்டியாளர்களும் நுழைய இதனால் வாய்ப்பு ஏற்பட்டது. கைத்தமனியில் ஏற்கெனவே பொருத்தப்பட்டுள்ள குழாயிலிருந்தே அளவிடும் கருவிகள் பயன்படுத்த எளியவை என்று மருத்துவர் பலர் கருதினர்.

2013 ஏப்ரல் முதல், மருத்துவமனைகளுக்குக் கிடைக்கும் தர ஊக்கத்தொகைக்குத் தகுதி பெற இப்புத்தாக்கங்களை ஏற்கும் திட்டங்களைக் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. ஊக்கத்தொகை அப்போது ஒப்பந்த மதிப்பில் 2.5 விழுக்காடாக இருந்தது. திட்டத்தைக் காட்டுவதே நிபந்தனையாகும். உணரிகளை எண்ணிக் காட்டுவதன்று. அதே மாதத்தில் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சேவையின் நிருவாக அமைப்பே மாற்றப்பட்டது. முதன்மைப் பராமரிப்பு அமைப்புகளும் மண்டலச் சுகாதார ஆணையங்களும் கலைக்கப்பட்டன. புத்தாக்கங்களைப் பரப்பும் பொறுப்பு புதிய கைகளுக்கு மாறியது.

பின்னடைவுகள்

இதற்கிடையே சான்றுகளின் நிலையும் மாறியது. 2012இல் வெளியான இரு ஆய்வுகளில் குடல் அறுவை நோயாளிகளிடம் எதிர்பார்த்த நன்மை காணப்படவில்லை. அவற்றுள் டென்மார்க்கில் 150 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், டாப்ளர் முறையும் நீர்மச் சமநிலையைக் காக்கும் எளிய முறையும் ஒத்த விளைவையே தந்தன. 2014இல் வெளியான ஆப்டிமைசு ஆய்வு, வேறொரு நிறுவனத்தின் கருவியைக் கொண்டு 734 நோயாளிகளிடம் நடத்தப்பட்டது. சிக்கல்களும் இறப்புகளும் சேர்ந்த விகிதம் 43.4 விழுக்காட்டிலிருந்து 36.6 விழுக்காடாகக் குறைந்தபோதிலும், அவ்வேறுபாடு புள்ளியியல் உறுதியை எட்டவில்லை.

கருவி மாறாதிருக்க முடிவுகள் மாறியதற்கு ஒரு விளக்கம் உண்டு. தொடக்க ஆய்வுகள் நடந்த காலத்தில் வழக்கமான சிகிச்சையில் நோயாளிகள் நெடுநாள் தங்கினர். பின்னர் விரைவு மீட்புத் திட்டங்களும் நுண்துளை அறுவை முறையும் பரவியதால், கருவி இல்லாமலே தங்கும் காலம் குறைந்தது. ஒப்பிடப்படும் அடித்தளம் உயர்ந்தபோது கருவியால் கிடைக்கும் கூடுதல் நன்மை சுருங்கியது. எனினும் எல்லா ஆய்வுகளும் எதிர்மறையாக அமையவில்லை. 2018இல் வெளியான பெடோரா ஆய்வில், எசுப்பானியாவில் 450 நோயாளிகளிடம், டாப்ளர் முறையால் சிக்கல்களின் விகிதம் 16.6 விழுக்காட்டிலிருந்து 8.6 விழுக்காடாகக் குறைந்தது.

நிறுவனம் பெரும்பாலான ஆண்டுகளில் இழப்பையே சந்தித்தது. அமெரிக்கச் சந்தையில் விரிவடைய முயன்றது. மீண்டும் மீண்டும் புதிய பங்குகளை வெளியிட்டு நடைமுறைச் செலவுகளுக்குப் பணம் திரட்டியது. நைஸ் வழிகாட்டல் வெளிவந்த காலத்தில் இருபது பென்சை ஒட்டியிருந்த பங்கு விலை, 2020ஆம் ஆண்டளவில் இரண்டு பென்சுக்கும் கீழே இருந்தது.

2020 மார்ச் 17 அன்று, கோவிட்-19 பெருந்தொற்றை எதிர்கொள்ள, அவசரமற்ற அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைக்குமாறு இங்கிலாந்து மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. திட்டமிட்ட அறுவைகளில் பயன்படும் உணரிகளுக்கான தேவை இதனால் வீழ்ந்தது. பின்னர் இங்கிலாந்தில் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் வளர்ந்து, 2023இல் 7.7 மில்லியனைத் தாண்டியது. காத்திருப்போர் மிகுவதால் விற்பனையும் மிகும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் உணரி செலவாவது பட்டியலில் பெயர் சேரும்போதன்று, அறுவை நடக்கும்போதே. அறுவைகளின் எண்ணிக்கையை மயக்கவியல் மருத்துவர், செவிலியர், படுக்கை ஆகியவற்றின் தட்டுப்பாடு கட்டுப்படுத்தியது.

பிற நிறுவனங்களுடன் ஒப்பீடு

லிட்கோ

இலண்டனைச் சேர்ந்த லிட்கோ நிறுவனமும் இதயம் வெளித்தள்ளும் குருதியளவைக் கண்காணிக்கும் கருவிகளை விற்று வந்தது. ஆப்டிமைசு ஆய்வில் பயன்படுத்தப்பட்டது இதன் கருவியே. ஒவ்வொரு நோயாளிக்கும் தனிக்கட்டணம் என்ற முறை மருத்துவர்களைச் சிக்கனம் பார்க்கத் தூண்டியதால், ஆண்டுக் கட்டணம் செலுத்தி எத்தனை நோயாளிகளுக்கும் பயன்படுத்தலாம் என்ற திட்டத்தை இது 2010களின் பிற்பகுதியில் அறிமுகப்படுத்தியது. பெருந்தொற்றின் தொடக்கத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்காகக் கண்காணிப்புக் கருவிகள் அவசரமாக வாங்கப்பட்டதால் இதற்குக் கூடுதல் கட்டளைகள் கிடைத்தன. 2020 நவம்பரில் அமெரிக்காவின் மாசிமோ நிறுவனம் பங்கொன்றுக்கு 12 பென்சு வீதம், ஏறத்தாழ 31 மில்லியன் பவுண்டுக்கு இதை வாங்க முன்வந்தது. ஒரே பெருந்தொற்று, ஒரே வாங்குநர். எனினும் அறுவை அரங்கை நம்பிய நிறுவனம் இழந்தது, தீவிர சிகிச்சையில் இடம்பெற்ற நிறுவனம் பெற்றது.

டிரிஸ்டெல்

கேம்பிரிட்சுசயரில் நியூமார்க்கெட் நகருக்கு அருகில் இயங்கும் டிரிஸ்டெல், மருத்துவக் கருவிகளைத் தூய்மைப்படுத்தும் குளோரின் டையாக்சைடு பொருட்களை உற்பத்தி செய்கிறது. 2005இல் மாற்று முதலீட்டுச் சந்தைக்கு வந்தது. தேசிய சுகாதார சேவையே இதன் தொடக்க கால முதன்மை வாடிக்கையாளர். இந்நிறுவனம் இலாபம் ஈட்டுவதாகவும் பங்காதாயம் வழங்குவதாகவும் வளர்ந்தது. பின்னாளில் இதன் விற்பனையில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வந்தது. 2023 சூனில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் இதன் மீயொலி உணரித் தூய்மிப் பொருள் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது.

ஒரே வாடிக்கையாளரைக் கொண்டு தொடங்கிய இந்நிறுவனத்துக்கும் டெல்டெக்சுக்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. உள்நோக்கிக் கருவிகளை ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் தூய்மைப்படுத்துவது விருப்பத்துக்கு உரியதன்று. தொற்றுத் தடுப்பு விதிகளின்படி செய்தே ஆக வேண்டியது. அதற்கு முன்பும் மருத்துவமனை பணம் செலவழித்துக்கொண்டே இருந்தது. டிரிஸ்டெல் அச்செலவை எளிதான வேறொரு முறைக்குத் திருப்பியது. டாப்ளர் கண்காணிப்போ அதுவரை இல்லாத புதிய செலவையும் புதிய வேலையையும் அறுவை அரங்கில் சேர்த்தது. பொது மருத்துவமனையில் இருக்கும் செலவை இடம் மாற்றுவது எளிது. இல்லாத செலவை உருவாக்குவது கடினம்.

முதலீட்டாளர் கவனிக்கும் அளவைகள்

இத்துறை நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் படிப்போர் பொதுவாகப் பின்வருவனவற்றைக் கணக்கிடுகின்றனர்.

1. கையிருப்புக் காலம். வங்கியிலுள்ள பணத்தை மாதந்தோறும் கரையும் பணத்தால் வகுத்தால் நிறுவனம் எத்தனை மாதம் தாங்கும் என்பது தெரியும். அரசு மருத்துவமனை ஒன்றில் முதல் பேச்சிலிருந்து முறையான கொள்முதல் வரை ஓராண்டுக்கு மேல் ஆவது இயல்பு. கையிருப்புக் காலம் அதைவிடக் குறைவாயின் புதிய பங்கு வெளியீடு ஏறத்தாழ உறுதியாகும்.

2. பங்கு நீர்த்தல். 100 மில்லியன் பங்குகள் கொண்ட ஒரு நிறுவனம் ஆண்டுதோறும் 20 விழுக்காடு புதிய பங்குகளை வெளியிடுவதாகக் கொள்வோம். ஐந்தாண்டில் மொத்தப் பங்குகள் ஏறத்தாழ 249 மில்லியன் ஆகும். தொடக்கத்தில் 1 விழுக்காடு வைத்திருந்தவரின் உரிமை 0.4 விழுக்காடாகச் சுருங்கும். நிறுவனத்தின் மொத்த மதிப்பு இரண்டரை மடங்கானாலும் அவர் முதலீட்டின் மதிப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

3. கருவியொன்றுக்கான பயன்பாடு. நிறுவப்பட்ட கருவிகளின் எண்ணிக்கை உயர்ந்து, ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருட்களின் விற்பனை உயராவிட்டால், கருவிகள் அலமாரியில் உறங்குகின்றன என்று பொருள். பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர் வேறு ஊருக்கு மாறியதுமே ஒரு மருத்துவமனையின் பயன்பாடு நின்றுவிடுவதுண்டு.

4. வாங்குநர் செறிவு. மிகப் பெரிய ஐந்து மருத்துவமனைகளிடமிருந்து வரும் வருவாயின் பங்கும், உள்நாட்டுக்கு வெளியே வரும் வருவாயின் பங்கும் நிறுவனத்தின் இடரை உணர்த்தும்.

5. நிதியாண்டுச் சுழற்சி. பிரித்தானிய அரசு நிதியாண்டு மார்ச் 31 அன்று முடிவதால், எஞ்சிய மூலதனப் பணத்தைச் செலவிட மருத்துவமனைகள் மார்ச்சில் கருவிகளை மிகுதியாக வாங்குவதுண்டு. அம்மாத விற்பனையை ஆண்டு முழுவதற்கும் பெருக்கிப் பார்ப்பது தவறான முடிவைத் தரும்.

6. உரிமச் செலவு. 1993ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆணைக்குப் பதிலாக 2017இல் இயற்றப்பட்ட மருத்துவக் கருவி ஒழுங்குமுறை, 2021 மே 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய கருவிகளுக்கும் புதிய சான்றாவணங்கள் தேவைப்படுவதால் சிறு நிறுவனங்களுக்கு இச்செலவு பெருஞ்சுமையாகும். ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியதால் அந்நாட்டு நிறுவனங்கள் இரு ஒழுங்குமுறைகளையும் கவனிக்க வேண்டியுள்ளது.

கொள்கை மாற்றங்கள்

அங்கீகாரத்துக்கும் கொள்முதலுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க அரசு பல முயற்சிகள் எடுத்துள்ளது. 2017 ஏப்ரலில், தேர்ந்தெடுத்த சில கருவிகளுக்கு மையத்திலிருந்தே பணம் வழங்கும் புத்தாக்கக் கட்டணத் திட்டம் தொடங்கப்பட்டது. 2021 ஏப்ரலில் மருத்துவத் தொழில்நுட்ப நிதிக் கட்டாயத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, செலவைக் குறைப்பவை என நைஸ் ஏற்றுக்கொண்டு, பட்டியலில் சேர்க்கப்பட்ட கருவிகளுக்கு நிதி வழங்குவது கட்டாயமாக்கப்பட்டது. முதலாண்டில் நான்கு தொழில்நுட்பங்களே பட்டியலில் இடம்பெற்றன. பத்தாண்டுகளுக்கு முன் டெல்டெக்ஸ் போன்ற நிறுவனங்கள் எதிர்கொண்ட குறையை இத்திட்டம் ஓரளவு ஏற்றுக்கொண்டது எனலாம். எனினும் பட்டியல் சிறியது. அதில் சேராத கருவிகளுக்குப் பழைய நிலையே தொடர்கிறது.

விமர்சனங்களும் மறுப்புகளும்

பொது மருத்துவமனைகள் புதியவற்றை ஏற்கத் தயங்குவதால் நோயாளிகளும் உள்நாட்டுத் தொழிலும் ஒருங்கே இழக்கின்றனர் என்பது நிறுவனங்களும் முதலீட்டாளர்களும் முன்வைக்கும் குற்றச்சாட்டு. வரிப்பணத்தில் வரிச்சலுகை அளித்து ஒரு நிறுவனத்தை வளர்த்துவிட்டு, அதன் பொருளை வாங்காமல் விடுவது முரண்பாடு என்றும் அவர்கள் கூறுகின்றனர்.

இதற்கு எதிரான வாதமும் வலுவானது. பொது மருத்துவமனையின் கடமை நோயாளிக்கும் வரி செலுத்துவோருக்குமே அன்றிப் பங்குதாரருக்கு அன்று. சில நூறு நோயாளிகளைக் கொண்ட ஆய்வுகளின் அடிப்படையில் நாடு முழுவதும் ஒரு முறையைக் கட்டாயமாக்கியிருந்தால், பின்னர் வந்த பெரிய ஆய்வுகளின் முன் அம்முடிவு கேள்விக்குள்ளாகியிருக்கும். 2024இல் வெளியான இரண்டாம் ஆப்டிமைசு ஆய்வு 2,498 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு, இதயக் குருதியளவை வழிகாட்டியாகக் கொண்ட சிகிச்சை அறுவைக்குப் பின்னான தொற்றுகளைக் குறைக்கவில்லை என்று கண்டது. இவ்வகையில் மருத்துவர்களின் தயக்கம் சோம்பலாக மட்டுமன்றிக் காத்திருப்பாகவும் இருந்தது என்பது இத்தரப்பினரின் கருத்து.

இரு வாதங்களும் முதலீட்டாளருக்கு ஒரே முடிவையே உணர்த்துகின்றன. வாங்குநரின் தயக்கம் நியாயமானதாயினும் அல்லதாயினும், அது நீடிக்கும் காலத்துக்கான செலவை ஏற்பவர் பங்குதாரரே.

இவற்றையும் பார்க்கவும்

தேசிய சுகாதார சேவை
இலண்டன் பங்குச் சந்தை
டாப்ளர் விளைவு
மீயொலி நோட்டம்
மருத்துவப் பொருளியல்
பங்கு வெளியீடு

பகுப்புகள்: முதலீடு | மருத்துவக் கருவிகள் | ஐக்கிய இராச்சியத்தின் பொருளாதாரம் | பொதுச் சுகாதாரம்